இறக்கை தூக்கும் இடம்

டுலூத்,
பிப்ரவரி 15, 1987

அன்பு மருமகள் இர்மாவுக்கு, மாமன் வெய்க்கோ எழுதுவது.

இது நடக்கும் என்று நான் முன்னமே சொன்னேன். எப்போது சொன்னேன் என்றும் சொல்கிறேன். நவம்பரில் சவுனாக் குளியலறைப் படியில் வழுக்கி என் இடுப்பு எலும்பு போன அன்று, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே சொன்னேன். "நான் இல்லாத இந்தக் குளிர்காலம் முடியறதுக்குள்ள ஆர்விட் லாம்பி பனி தள்ளுற கலப்பை லாரியைப் பள்ளத்துல இறக்குவான், பாரு." நீ பக்கத்தில் நின்று, "வாயை மூடுங்க மாமா, பனி உள்ள போகுது" என்றாய். இப்போது யார் வாயில் பனி போயிற்று?

நம் ஊர்ச் செய்தித்தாள் இந்த ஆஸ்பத்திரிக்கும் வருகிறது. 10ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மத்தாலா கடைக்கு எதிரே, பனி தள்ளிக்கொண்டு போன கலப்பை லாரி பள்ளத்தில் விழுந்தது என்று போட்டிருக்கிறான். தன் வலப்பக்கமாக ஒரு பிக்கப் முந்திக்கொண்டு வந்ததாக டிரைவர் சொல்கிறாராம். அப்படி ஒரு வண்டியை வேறு யாரும் பார்க்கவில்லையாம். மார்ச் 12 சாலை அலுவலகத்தில் விசாரணையாம்.

வலப்பக்கமாக! எல்லோரும் முந்துகிற இடப்பக்கம் இல்லை, ரோட்டோரப் பக்கம்! கலப்பையின் வலப்பக்கத்தில் ஓரத்துப் பனியை ஒதுக்க எட்டடி இரும்பு இறக்கை நீட்டிக்கொண்டிருக்கும்போது எந்த மடையன் அந்தப் பக்கம் வருவான்? இருபத்தொன்பது வருடம் நானும் கலப்பை ஓட்டினவன். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினதில்லை. (ஒரே ஒரு தடவை இறங்கியது. அன்றைக்குப் பள்ளம்தான் ரோட்டுக்கு வந்திருந்தது.) ஆர்விட் தூங்கியிருக்கிறான். எழுந்ததும் ஒரு பிக்கப்பைக் கற்பனை செய்துகொண்டான்.

கலப்பையை வலப்பக்கம் முந்தின ஆள் நம் பக்கத்தில் ஒரே ஒருத்தன், அது உன் மாமன். 1953 ஜனவரி. பக்கத்தில் உன் அம்மா சைமா இடுப்பு வலியில் துடிக்கிறாள். முன்னால் இதே ஆர்விட், ஆமை மாதிரி. மத்தாலா கடைக்கு எதிரே தபால் பெட்டிகள் வரிசையாக நிற்கும். பெட்டிகளை இடிக்கக் கூடாது என்று அங்கே மட்டும் கலப்பைக்காரன் இறக்கையைத் தூக்குவான். ரோட்டோரமும் அங்கே நடன மண்டபம் மாதிரி அகலம். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். கலப்பை கிளப்பின பனிப்புகைக்குள் புகுந்தேன், வெளியே வந்தேன். நீ என் லாரியில் பிறக்காமல் ஹான்காக் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறந்தது அதனால்தான். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் இந்தக் கதையைக் கேட்பாயே! அதற்கெல்லாம் என் மாதிரிக் கை வேண்டும், இர்மா.

என் லெம்பி எப்படி இருக்கிறாள்? மற்றவர்களுக்கு அது பழைய நீல பிக்கப். எனக்குக் கட்டின பெண்டாட்டி இல்லை, அவள்தான். இருபத்தொரு வருடத்தில் ஒரு குளிர்காலத்திலும் ரோட்டைப் பார்க்காதவள், பனி உருக ரோட்டில் கொட்டுகிற உப்பு என்றால் என்னவென்று தெரியாதவள். கொட்டகையில் பலகை மேல் நிறுத்திச் சாவியை உன்னிடம் கொடுத்தேன். மே மாத மழை ரோட்டைக் கழுவுகிறவரை அவள் அசையக் கூடாது.

விவரமாக எழுது. போனில் வேண்டாம். போன் நடைக்கூடத்தில் இருக்கிறது, மூன்று கிழவர்கள் அதன் கீழேயே குடியிருக்கிறார்கள்.

மாமன் வெய்க்கோ

*

பிப்ரவரி 20

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நானே தபால் மூட்டையிலிருந்து எடுத்து, நானே சுமந்து, நானே எனக்குப் பட்டுவாடா செய்தேன். இன்னும் மாற்று ஆள்தான். மார்ச் 16 முதல் இந்தத் தபால் சுற்று எனக்கே நிரந்தரமாகும் என்கிறார்கள். ஏழு வருடம் காத்திருந்தாயிற்று. அதுவரை ஒரு நாள் தாமதம்கூட என் பேரில் விழக் கூடாது.

ஆர்விட்டுக்குத் தோள் எலும்பு முறிந்திருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஊரில் எல்லோரும் நீங்கள் சொன்னதையேதான் பேசுகிறார்கள். மத்தாலா கடையில் நேற்றுக்கூட, "அந்தாளுக்குக் கண்ணு போச்சு, இல்லாத வண்டியெல்லாம் தெரியுது" என்று சிரித்தார்கள். விசாரணையில் கலப்பையைப் பிடுங்கிக்கொண்டு அவரை மணல் கொட்டகையில் மண்வெட்டியோடு நிறுத்துவார்கள் என்று கேள்வி. அவர் வேகமாக ஓட்டினார் என்பது மட்டும் பொய். இருபத்தைந்து மைல்கூட இருக்காது. பெட்டிகளிடம் வந்ததும் வழக்கம்போல இறக்கையைத் தூக்கினார். அப்புறம் இடப்பக்கம் ஓடைப் பள்ளத்தில் போய் விழுந்தார். அவ்வளவுதான் தெரியும்.

லெம்பியைப் பற்றிக் கவலை வேண்டாம். போன சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் வெந்நீர் விட்டு அடிப்பாகம் முழுக்கக் கழுவி, அங்கேயே சூட்டில் காயவிட்டுக் கொண்டுவந்து நிறுத்தினேன். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

என் கார் ஸ்டார்ட்டர் இரண்டு வாரம் மக்கர் செய்தது. இப்போது சரி.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

இர்மா

*

டுலூத்,
பிப்ரவரி 25

மருமகளே,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். (வாத்தியார் அழுதார். சந்தோஷத்தில் என்று உன் அம்மா சொல்வாள், நம்பாதே.) படிப்பு குறைந்தவன் ஒவ்வொரு எழுத்தையும் பார்ப்பான். படித்தவன் தாண்டிப் போய்விடுவான்.

நான் யாரையும் சந்தேகப்படவில்லை. யோசிக்கிறேன், அவ்வளவுதான்.

இடப்பக்கப் பள்ளம் என்று எழுதியிருக்கிறாய். செய்தித்தாளில் வெறும் பள்ளம் என்றுதான் இருந்தது. அதைப் படித்ததும் நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் ஓடிவந்து, "என்ன மிஸ்டர் பெல்டோ, வலிக்குதா?" என்றாள். "வலிக்குது, ஆனா இடுப்புல இல்ல" என்றேன். ஏன் தெரியுமா? பனி தள்ளுகிற கலப்பை எப்போதும் வலப்பக்கம்தான் இழுக்கும். குவிகிற பனி அத்தனையும் அந்தப் பக்கம். ஸ்டியரிங்கைப் பிடித்த கை தளர்ந்தால் லாரி வலப்பக்கப் பனிக்கரையில் போய் முட்டும். தூங்குகிறவன் இடப்பக்கம் விழ முடியாது. இடப்பக்கம் போக வேண்டுமானால் முழு விழிப்போடு, முழுப் பலத்தோடு ஒடிக்க வேண்டும். வலப்பக்கத்தில் எதையோ கண்டு பயந்தவன்தான் அப்படி ஒடிப்பான்.

அதாவது ஆர்விட் உண்மை பேசுகிறான். முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவை. இதை என் கையாலேயே எழுத நேர்ந்ததே!

அடுத்தது. அந்த இடத்தில் இறக்கை தூக்குவான் என்று யாருக்குத் தெரியும்? பனிச்சறுக்கு ஆட வருகிற சிகாகோக்காரனுக்குத் தெரியாது. அவன் கலப்பையைக் கண்டால் ஹார்ன்தான் அடிப்பான். அந்த இடைவெளிக்குக் காத்திருந்து புகுந்தவன் நம் ஊர் ஆள். பக்கத்துக் கட்டில் கார்ல்சன் ரயில்வேயில் இருந்தவர். நான் விளக்கியதும், "அப்போ ஆளை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ங்க" என்றார். "தெரியாது" என்றேன். அப்புறம் உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன்.

இனி சின்னச் சின்னக் கேள்விகள், சும்மாதான் கேட்கிறேன். இருபத்தைந்து மைல்கூட இருக்காது என்று உனக்கு யார் சொன்னது? ஆர்விட்டா? அவன் நாற்பதில் போவதாக அல்லவா பெருமை அடிப்பான்.

அப்புறம் லெம்பி. வெந்நீர்விட்டுக் கழுவி, சூட்டில் காயவைத்தாயா? அடிப் பாவி! உப்பு குளிரில் தூங்கும், சூட்டில்தான் எழுந்து இரும்பைத் தின்னும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? ஆனால் நான் ஏன் உப்பைப் பற்றிப் பேசுகிறேன்? நவம்பரிலிருந்து பலகை மேல் நிற்கிற வண்டிக்கு உப்பு எங்கிருந்து வரும்? அவளை ஏன் கழுவினாய், இர்மா?

மாமன் வெய்க்கோ

*

பிப்ரவரி 28

மாமா,

உங்களுக்கு அங்கே பொழுது போகவில்லை என்று தெரிகிறது. சீட்டாடுங்கள்.

வண்டியில் தூசி இருந்தது, கழுவினேன். கொட்டகைக் கூரையில் புறா இருக்கிறது, அதையும் விசாரியுங்கள். இருபத்தைந்து மைல் என்று கடையில் யாரோ சொன்னார்கள். யார் என்று நினைவில்லை. இடப்பக்கம் என்று ஊர் முழுக்கத் தெரியும், லாரி இரண்டு நாள் அங்கேயேதான் கிடந்தது.

நானும் ஒன்று கேட்கட்டுமா? உங்களுக்கு வேறு யார் எழுதுகிறார்கள்? எதிர்வீட்டு ஹில்யா நேற்று என்னைக் கூப்பிட்டு, "உன் மாமா வண்டி சாவி உங்கிட்டதானே இருக்கு?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள்? உங்களிடமிருந்து அவளுக்கு ஒரு கவர் வந்தது, நான்தான் பெட்டியில் போட்டேன். கையெழுத்து எனக்குத் தெரியாதா? மருமகளை வேவு பார்க்க அவளுடைய மூட்டையிலேயே கடிதம் அனுப்பிய முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

இன்னொன்று. முப்பது வருடமாக ஆர்விட்டைக் குருடன், செவிடன், தூங்குமூஞ்சி என்று சவுனாவில், கடையில், சர்ச் வாசலில்கூடப் பேசினது யார்? அவர் சொல்வதை இன்று ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை என்றால் அதில் பாதி உங்கள் வேலை. இப்போது திடீரென்று அவருக்கு வக்கீலா? இதில் உங்களுக்கு என்ன லாபம் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஏலக்காய் ரொட்டி அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் பிசைந்தது, கெட்டியாக இருக்கும்.

இர்மா

*

டுலூத்,
மார்ச் 4

இர்மா,

ரொட்டி கெட்டிதான். கார்ல்சனின் பொய்ப்பல் அதில் தங்கிவிட்டது. நான் முழுசாகத் தின்றேன்.

ஹில்யாவுக்கு எழுதினது நிஜம். செவ்வாய்க்கிழமை கொட்டகைக் கதவு திறந்திருந்ததா என்று கேட்டேன். அன்றைக்கு இருந்த பனியில் தன் மூக்கே தனக்குத் தெரியவில்லை என்று பதில் போட்டாள். அவள் மூக்குக்கே அந்தக் கதி என்றால் பனி பெரிய பனிதான். ஆக, என் கையில் ஒன்றுமில்லை. வேவு முடிந்தது.

ஆர்விட் விஷயத்தில் நீ சொன்னது உறைத்தது. பாதி இல்லை, முக்கால்வாசி என் வேலை.

ஒரே ஒரு காரியம் செய். லெம்பியின் இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலே, சேசிஸ் சட்டத்தின் உட்புறத்தில் மூன்று துளைகள் இருக்கும். நடுத்துளையில் சுண்டுவிரல் நுழையும். சக்கரம் வாரி அடிக்கிற ரோட்டுச் சேறு அங்கே போகும், கழுவுகிற எந்தக் குழாய்த் தண்ணீரும் போகாது. எனக்குத் தெரியும், இருபத்தொரு வருடம் முயன்றிருக்கிறேன். அக்டோபரில் அதற்குள் பழைய எஞ்சின் ஆயில் அடித்துவிட்டுத்தான் மூடினேன். நம் வீட்டுச் சந்தில் மணல்தான் போடுகிறார்கள். உப்பு பெரிய ரோட்டில் மட்டும்தான், உனக்குத் தெரியும்.

கீழே படு. விரலை விடு. நாக்கில் வை.

வெறும் எண்ணெய் நாற்றம்தான் என்றால் உன் மாமன் ஒரு கிழட்டு முட்டாள், கடையில் உரக்கச் சொல்லிச் சிரி, நான் கோபிக்க மாட்டேன். கரித்தது என்றால் எனக்கு எழுத வேண்டாம். எனக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? 12ஆம் தேதி அந்த அறையில் ஒருத்தன் தோளில் கட்டோடு நின்று, தான் பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டிருப்பான். அவனுக்குக் கலப்பையைத் தவிர ஒன்றுமில்லை. பெண்டாட்டி போனபிறகு அவன் பேசுவதே அதோடுதான்.

உன் சுற்று 16ஆம் தேதி என்பதையும் நான் மறக்கவில்லை.

மாமன்

*

மார்ச் 13

மாமா,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து போனேன். தபால்காரி உடுப்போடு மண்ணில் மல்லாந்து படுத்து விரலை விட்டேன். வெளியே எடுத்துப் பார்த்தபோது எண்ணெய்க் கறுப்புதான் தெரிந்தது. அப்பாடா என்று நாக்கில் வைத்தேன். கரித்தது, மாமா. அந்தத் துளை எனக்காகவே பத்திரமாக எடுத்து வைத்திருந்த மாதிரி.

அன்று காலை என் கார் கிளம்பவில்லை. ஒன்பது மணிக்குக் கடிதங்களோடு புறப்பட்டாக வேண்டும். சாவி ஆணியில் தொங்கியது. ஒரே ஒரு நாள்தானே என்று எடுத்தேன். பெரிய ரோட்டில் ஏறினால் முன்னால் ஆர்விட். முதலில் ஒழுங்காகத்தான் போனேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரி, அவருடைய பக்கக் கண்ணாடி எனக்குத் தெரிகிற தூரத்தில், அவர் கண்ணுக்கு நான் இருக்கிற தூரத்தில். நாற்பது நிமிடம். மணி பத்தாகப் போகிறது. ஒரு நாள் தாமதம் என்று என் பேரில் எழுதிவிடுவார்கள் என்பதே மண்டைக்குள் ஓடியது. மத்தாலா கடை வந்தது. இறக்கை மேலே போயிற்று. மாமா இதே இடத்தில் முந்தினார், என் அம்மா பக்கத்தில் இருந்தாள், நானே அந்தக் கதையின் சாட்சி என்று நினைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன்.

புகைக்குள் ஒன்றும் தெரியவில்லை. வெளியே வந்துவிட்டேன். கண்ணாடியில் வெறும் வெள்ளை. நான் நிற்கவில்லை. அவர் விழுந்தது எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. மத்தியானம் தபால் நிலையத்தில்தான் கேள்விப்பட்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் லெம்பியைக் கழுவ வெந்நீர் எடுத்தேன்.

நேற்று விசாரணைக்குப் போனேன். சாலை அலுவலகத்து ஆள் ஆர்விட்டிடம், "கடைசியா கேக்கறேன், நீங்க கண்ணசந்தீங்களா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆர்விட், "நூறு தடவ கேட்டாலும் நீலக் கலர்ல ஒண்ணு வந்துச்சுன்னுதான் சொல்வேன்" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் எழுந்தேன். "அது நான்தான்" என்றேன்.

ஆர்விட் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு மாசமா பேயைப் பாத்துட்டோம்னு நானே நம்ப ஆரம்பிச்சிட்டேன். கடைசில கடுதாசி போடற பேயா?" என்றார். இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள், அவரைப் பார்த்து இல்லை.

தோள் கூடியதும் கலப்பை அவருக்கே. ஷெரீப் என் பேரில் வழக்கு எழுதியிருக்கிறார். சுற்று வேறு ஒருவருக்குப் போகிறது. மாற்று ஆளாகவாவது வைப்பார்களா என்று ஏப்ரலில் சொல்வார்களாம். அழவில்லை. ராத்திரி தூக்கம் வருகிறது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. வாசலில் ஆர்விட்டிடம் மன்னிப்புக் கேட்டேன். "எங்க மாமா அம்பத்தி மூணுல உங்கள இதே இடத்துல முந்தினாரே, அந்தத் தைரியத்துல செஞ்சிட்டேன்" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "வெய்க்கோவா? என்னையா?" என்றார். "அத உன் மாமன்கிட்டயே கேளும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேட்கிறேன்.

இர்மா

*

டுலூத்,
மார்ச் 17

என் இர்மா,

நீ எழுந்து நிற்பாய் என்று எனக்கு முன்னமே தெரியும். கார்ல்சனிடம் சொல்லியும் வைத்தேன், சாட்சிக்கு அவரே இருக்கிறார். (உரக்கச் சொன்னேனா மனதுக்குள் சொன்னேனா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு.)

லெம்பியைப் பற்றி எழுதவே இல்லையே என்று பார்க்கிறாயா? அவள் இனி உன்னுடையவள். ஏப்ரலில் உன்னைக் கூப்பிடுவார்கள். அந்தக் காரை நம்பி இன்னொரு காலை வேண்டாம். உப்பு தின்னட்டும். இருபத்தொரு வருடம் ஒன்றும் தின்னாமல் இருந்தாளே, பசிக்காதா? அந்த நடுத்துளைக்குள் மட்டும் பம்ப்பின் மெல்லிய முனையை விட்டு ஆயில் அடி.

ஆர்விட்டுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். உன் கைக்கு வந்தால் பிரித்துப் படிக்காதே. அதில் நான் பணிவாக இருக்கிறேன், உனக்கு அடையாளம் தெரியாது.

இப்போது நீ கேட்டது. மூன்று தாள் கிழித்தாயிற்று.

1953 ஜனவரி, அது நிஜம். பக்கத்தில் சைமா, வலி, முன்னால் ஆர்விட்டின் கலப்பை, எல்லாம் நிஜம். மத்தாலா கடை வந்தது, அவன் இறக்கையைத் தூக்கினான். நான் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்கப் போனேன். உன் அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். "அண்ணா, அவன் பின்னாடியே போ. நமக்காகத்தானே ரோடு போட்டுக்கிட்டுப் போறான்" என்றாள். என் கை அதற்கு முன்பே நடுங்கிக்கொண்டிருந்தது, இர்மா. அவள் பிடித்தது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. ஹான்காக் வரை, பதினொரு மைலும், அவன் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே பின்னாலேயே போனேன். ஆஸ்பத்திரித் திருப்பத்தில் அவன் ஒதுங்கி நின்று வழிவிட்டுக் கையை ஆட்டினான். நீ அதற்கு நான்கு மணி நேரம் கழித்துத்தான் பிறந்தாய். அவசரமே இருக்கவில்லை.

உன் அம்மா கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. ஆர்விட்டும் சொல்லவில்லை, இன்றுவரை. முந்தினது மட்டும் நான் சேர்த்தது.

மாமன் வெய்க்கோ